பல் அக்காவின் நீலத் தாள்

என் போனில் அவர் பெயர் இன்றும் 'பல் அக்கா' என்றுதான் இருக்கிறது. உண்மையான பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இப்போது இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து போன் போட்டு, "என்னைக் கேட்டீங்களா சின்ன போமன்?" என்று ஆரம்பிப்பார். அப்புறம் அன்றைக்கு எனக்கு வேலை நடந்த மாதிரிதான்.

போமன் என்றால் எங்கள் மலேசியாவில் கார் மெக்கானிக். அப்போது கிள்ளானில் நானும் என் அண்ணனும் சேர்ந்து ஒரு பட்டறை வைத்திருந்தோம். அவருக்கு அண்ணன் பெரிய போமன், நான் சின்ன போமன். எனக்கு அப்போதே தலையில் பாதி நரை. அவர் என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். இருந்தாலும் அந்தச் 'சின்ன'வை அவர் விடவே இல்லை.

பேசும்போது அவர் உங்கள் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். புதிதாகப் பழகுபவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். மீசையில் சோறு ஒட்டியிருக்கிறதோ என்று நானே பலமுறை துடைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் பல் செட் செய்யும் லேப் வைத்திருந்தார். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் அதை வைத்துப் பல் செய்து கொடுப்பார். வீடு கிள்ளானில். தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருவார்.

மற்ற லேப்காரர்கள் அந்தப் பல்லைப் போட்டுக்கொள்ளும் மனிதரின் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். அது அவர்கள் வேலையும் இல்லை. இவருக்கு மட்டும் மனம் ஆறாது. ஆளை மாடிக்கு வரச் சொல்வார். மாடி ஏற முடியாதவர் என்றால் இவரே கிளம்பிவிடுவார்.

சாலாக் செலாத்தானில் ஓர் அங்கிள் இருந்தார், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். புதுப் பல் செட் குத்துகிறது, ஈறு புண்ணாகிறது என்று டாக்டரிடம் நடையாய் நடந்திருக்கிறார். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, மூடச் சொல்லி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அங்கிள், பழகப் பழகப் போய்விடும் என்று அனுப்பிவிட்டார். அங்கிளின் மனைவிகூட அவர் சும்மா முனகுகிறார் என்றே நினைத்தாராம். நம் பல் அக்கா ஒருநாள் அந்த வீட்டில் போய் உட்கார்ந்தார்.

"எப்படி வலிக்குதுன்னு வாயால சொல்லாதீங்க அங்கிள். கடிச்சுக் காட்டுங்க."

"என்னத்த கடிக்கிறது?"

"நீங்க தினமும் எத கடிப்பீங்களோ அத."

அங்கிள் கொஞ்சம் வெட்கப்பட்டு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே குவாச்சி. பக்கத்து வீட்டுச் சீனரோடு சேர்ந்து சாயங்காலம் முழுக்க தர்ப்பூசணி விதையை முன்பல்லின் இடது ஓரத்தில் வைத்து டக் டக் என்று உடைப்பது அவர் பழக்கம். அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று மறைத்திருக்கிறார். அக்கா அந்த இடத்தில் ஒரு நீலத் தாளை வைத்து, குவாச்சியையும் கொடுத்து, கடிக்கச் சொன்னார். பல் அடைத்த பிறகு நம் வாயில் வைத்து 'கடிங்க' என்பார்களே, அதே தாள்தான். பல் எங்கே அதிகமாக இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். ஒட்டியது. தேய்த்துக் கொடுத்தார். அங்கிள் செட்டைப் போட்டுக்கொண்டு அக்காவுக்கே ஒரு கை குவாச்சி கொடுத்தாராம்.

இந்தக் கதையை அவர் என்னிடம் குறைந்தது பத்துத் தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த டாக்டரின் மேல் அவருக்குக் கோபமே இருக்காது. "அவர் பாத்த நேரத்துல அங்கிள் குவாச்சி கடிக்கலியே, பாவம் அவர் என்ன செய்வார்?" என்பார்.

அந்த நீலத் தாள் கட்டு அவர் கைப்பையை விட்டு இறங்கியதே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மேசை ஆடியது. தரை மேடுபள்ளம் அக்கா, நாங்க என்ன பண்றது என்றார் கடைக்காரர். அக்கா ரசத்தை அப்படியே வைத்துவிட்டு, குனிந்து மேசையின் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்தார். என்னை மேசையை அமுக்கச் சொன்னார். சாப்பிடுகிற சனம் எல்லாம் எங்களைத்தான் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. மூன்று தாளில் அழுத்தம் பதிந்திருந்தது, நான்காவது வெறுந்தாள். "தரை நல்லாத்தான் இருக்கு பாஸ். இந்தக் கால்ல ரப்பர் இல்ல" என்றார். "அக்கா, நீங்க சாப்பிட வந்தீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீங்களா?" என்று கடைக்காரர் கும்பிட்டார். அடுத்த வாரம் அந்தக் காலுக்கு ரப்பர் வந்துவிட்டது.

எங்கள் பழக்கமும் இப்படித்தான் தொடங்கியது. அவருடைய பழைய கார் எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்று பட்டறைக்கு வந்தார். நான் பானெட்டைத் தூக்காமலே, "வால்வுக்கு நடுவுல கேப் கூடிப்போச்சுக்கா. சாயங்காலம் வாங்க, டைட் பண்ணி வைக்கிறேன்" என்றேன். இருபது வருஷமாக இதே சத்தத்தைக் கேட்கிற காது.

"காட்டுங்க."

"என்னத்தக்கா?"

"அந்தக் கேப்ப."

எஞ்சின் மூடியைக் கழற்றிக் காட்டும்வரை அவர் நகரவில்லை. கழற்றியதும் முகம் மாறிவிட்டது. மேலே வரிசையாக இருந்து வால்வை அமுக்கும் ராக்கர்களைப் பார்த்து, "ஐயோ, இது தாடை மாதிரியே இருக்கே! சுத்துங்க சுத்துங்க, எப்படி மெல்லுதுன்னு பாக்கணும்" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது ரயில் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் பட்டறைக்குள் தலையை நீட்டுவார். ஒரு கோப்பி குடிப்பார். எதையாவது காட்டச் சொல்வார்.

அவரைக் கண்டு ஒதுங்குகிறவர்களும் உண்டு. அவர் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், அப்பா காலம்வரை ரயில்வே குடும்பம், கணவர் தவறிப் பல வருஷம். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது 'எப்படி இருக்கீங்க' என்று அவர் கேட்டு, நீங்கள் 'நல்லா இருக்கேன்' என்று சொன்னால், உங்கள் தாடையையே கொஞ்ச நேரம் பார்ப்பார். பொய் சொன்ன மாதிரி உடம்பெல்லாம் கூசும். அதற்காகவே பின்வாசல் வழியாகப் போகிறவர்களை அவருடைய மகளே எனக்குக் கணக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இவ்வளவையும் சொன்னது எங்கள் எஞ்சின் கதைக்காகத்தான்.

நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு கார் வைத்திருந்தோம். நாங்கள் பிறப்பதற்கு முன் வந்த சின்ன ஜப்பான் கார். அதை வேகத்துக்குக் கட்டி செப்பாங் ஓடுதளத்தில் ஓட்டவேண்டும் என்பது இரண்டு பேருக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்து இருந்த பைத்தியம். வேகத்துக்குக் கட்டுவது என்றால் வால்வு வழக்கத்தைவிட ஆழமாகத் திறக்க வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் மேலே ஒரு ராக்கர். பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை போல, ஒரு முனையைக் கீழிருந்து ஒரு கம்பி தள்ளினால் மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கும். திறந்ததை மூடுவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வட்டத் தட்டு இருக்கும், அந்தத் தட்டை வால்வின் கழுத்தோடு பிடித்து வைப்பவை இரண்டு சின்ன லாக். லாக் கழன்றால் வால்வு உள்ளே விழும். வால்வு விழுந்தால் எஞ்சின் காலி.

தடித்த ராக்கர், பலமான ஸ்பிரிங், கம்பியைத் தள்ளும் புது கேம் என்று சாமான்களைத் தேடித் தேடி வாங்கியது அண்ணன். கட்டியது நான். ஓட்டியது அண்ணன். முதல் தடவை நேர்ப்பாதையில் வால்வு விழுந்து வண்டி நின்றது. சரி, போகட்டும் என்று மறுபடி கட்டினோம். இரண்டாவது தடவை வளைவில் விழுந்தது. வண்டி சுழன்று சரளைக் கல்லில் போய்ப் புதைந்தது. தூசி அடங்கும்வரை வண்டியே தெரியவில்லை.

அண்ணன் தானாக இறங்கி நடந்து வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டு, "நீ லாக்கைச் சரியா உக்கார வைக்கல" என்றான்.

"நீ வாங்கின சாமான் அப்படி" என்றேன்.

அதோடு பேச்சு நின்றுவிட்டது. ஒரே பட்டறை, ஒரே கோப்பிக் கடை, ஒரே ஸ்பானர் பெட்டி. வாடிக்கையாளர்களை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டோம். "பாஸ், பிரேக் பேட் வந்துருச்சான்னு அவர்கிட்ட கேளுங்க" என்பான் அண்ணன், நான் மூன்றடி தூரத்தில் நிற்கும்போது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே எஞ்சினை மூன்றாவது தடவையும் கட்டிக்கொண்டிருந்தோம், பேசாமலே. ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. விட்டுவிட்டால் எதுவோ முடிந்துபோகும் என்று இரண்டு பேருக்கும் பயம் போல.

பிறகு டயர் மாற்ற வந்த ஓர் ஆள் என்னிடம் கேட்டார். "என்னாண்ணே, உங்க அண்ணன் தைப்பூசம் முடிஞ்சதும் போர்ட் கிள்ளானுக்குப் போறாராமே? மச்சான் லோரி கம்பெனில வேலையாம்?"

பட்டறை போனால் இன்னொரு பட்டறை வைக்கலாம். அண்ணன் இல்லாத பட்டறையில் காலையில் ஷட்டரைத் தூக்க எனக்கு மனசு வராது. அதை அவனிடம் போய்ச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரம் அக்கா வழக்கம்போலத் தலையை நீட்டினார். அண்ணன் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான்.

"ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

என் வாயையே பார்த்தார். நான் மீசையைத் துடைத்துக்கொண்டேன்.

"பெரிய போமன் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறார். தெரியுமா உங்களுக்கு?"

"அது எப்படிக்கா உங்களுக்குத் தெரியும்?"

"சிரிச்சாரே. கோரைப்பல்லு நுனி மழுங்கிப்போச்சு. போன வருஷம் நல்லா கூரா இருந்துச்சு. மனுசன் எதையோ உள்ள போட்டு அரைச்சிட்டு இருக்கார்."

இதைக் கேட்டபிறகு என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். லாக், சாமான், ஹெல்மெட், போர்ட் கிள்ளான். அக்கா யார் மேல் தப்பு என்று கேட்கவே இல்லை.

"எது எதுல இடிக்குது?"

"தெரிஞ்சா நான் ஏன்க்கா இப்படி உக்காந்திருக்கேன்? வால்வு விழுந்தா உள்ள எல்லாமே நொறுங்கிப்போயிடும். ஒரு தடயமும் மிஞ்சாது."

"அப்ப நொறுங்கறதுக்கு முன்னாடி பாக்கணும்."

"பாத்துட்டுத்தானே கட்டினோம். நான் கையால சுத்தினேன், அண்ணன் குனிஞ்சு பாத்தான். ரெண்டு தடவையும் எங்கயும் இடிக்கல."

"எப்படிப் பாத்தீங்கன்னு ஞாயித்துக்கெழமை காட்டுங்க. பெரிய போமனையும் இருக்கச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லிடுங்கக்கா" என்றேன். அவர் உரக்கச் சிரித்தார்.

ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்து பட்டுப் புடவையோடு நேராக வந்தார். கைப்பையிலிருந்து ஓர் ஏப்ரனை எடுத்து மேலே கட்டிக்கொண்டார். அண்ணன் தைப்பூச விரதத்தில் இருந்தான். தாடி, வெறுங்கால், ஒருவேளைச் சாப்பாடு. எஞ்சின் ஸ்டாண்டில் நின்றது. நாங்கள் எப்போதும் செய்வதுபோல ஒரு ஜோடி வால்வுக்குச் செக் பண்ணும் ஸ்பிரிங்கை மாட்டினோம். நான் சுற்றினேன். அக்கா ராக்கரின் வயிற்றுக்கும் ஸ்பிரிங் தட்டுக்கும் நடுவே நீலத் தாளைச் செருகியிருந்தார். எடுத்துப் பார்த்தால் தாளும் சுத்தம், ராக்கரும் சுத்தம்.

"பாத்தீங்களாக்கா? எங்கயும் படல" என்றேன். அண்ணனும் தலையாட்டினான். பல நாட்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அதுதான்.

அக்கா அந்த ஸ்பிரிங்கை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். பேனா ஸ்பிரிங் மாதிரி அமுங்கியது.

"ஓடும்போது இருக்கறது இதுதானா?"

"இல்லக்கா, இது செக் பண்ண மட்டும். மெல்லிசு, கையால சுத்த லேசா இருக்கும். நிஜ ஸ்பிரிங் போட்டா சுத்தறதுக்குள்ள இடுப்பு உடைஞ்சிடும். கிள்ளான்ல எல்லாரும் இப்படித்தான் பாப்பாங்க."

"இந்தத் தட்டு?"

"மெல்லிசு ஸ்பிரிங்குக்கு பழைய சின்னத் தட்டு. நிஜத்துக்குப் பெரிய…" என்று தொடங்கிய அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டான். நானும் அவனைப் பார்த்தேன்.

அக்காவுக்கு ஏற்கெனவே புரிந்துவிட்டது. "நாங்க பல் செட் பண்ணும்போது மொதல்ல மெழுகுல வச்சுப் போட்டுப் பாப்போம். அது எப்பவுமே சரியாத்தான் இருக்கும் லா, மெழுகு இடிச்சா அமுங்கிக்கும். கெட்டிப் பல்லு போட்டதும் மறுபடி கடிக்கச் சொல்லலன்னா செத்தோம். நீங்க மெழுகைப் பாத்துட்டு வண்டிய விட்டிருக்கீங்க. சாலாக் செலாத்தான் அங்கிள் டாக்டர் முன்னாடி சும்மா வாய மூடின மாதிரி."

நிஜ ஸ்பிரிங்கையும் பெரிய தட்டையும் மாட்டினோம். உண்மையிலேயே இடுப்பு உடைந்தது. நீளக் கம்பியை நான் இழுக்க, அண்ணன் தானே வந்து மறுபக்கம் பிடித்துத் தள்ளினான். அக்கா இடுக்கியால் தாளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா… இன்னொரு சுத்து… போதும்" என்றார். நான் ராக்கரைக் கழற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"கழட்டினா எந்த இடம்னு அப்புறம் சண்டை போடுவீங்க. இப்படியே பாருங்க."

பல் டாக்டர் வைத்திருக்கும் நீளக் காம்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து ராக்கருக்கு அடியில் நீட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை அண்ணனிடம் கொடுக்கப் போனவர், நிறுத்தி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பிடித்தார்.

"ரெண்டு பேரும் சேந்து பாருங்க. ஒருத்தர் பாத்து இன்னொருத்தருக்குச் சொல்ற வேலையே வேணாம்."

அந்தக் கண்ணாடி ஐம்பது காசு அளவுதான். இரண்டு தலை அதில் பார்க்க வேண்டும் என்றால் முட்டிக்கொள்ளாமல் முடியாது. முட்டிக்கொண்டோம். அண்ணனின் தாடி என் காதில் குத்தியது. ராக்கரின் வயிற்றில், எள்ளளவுக்கு ஒரு நீலப் புள்ளி.

"தம்பி, லைட்டக் கொஞ்சம் கீழ இறக்கு" என்றான் அண்ணன்.

அந்தச் சண்டைக்குப் பிறகு அவன் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. லைட்டை இறக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விஷயம் வெட்டவெளிச்சம். தடித்த ராக்கர், பெரிய தட்டு. ராக்கரின் முனை வால்வை அமுக்கத் தொடங்குவதற்கு ஒரு மயிரிழை முன்னால் அதன் வயிறு தட்டின் ஓரத்தை இடிக்கிறது. மெதுவாக ஓடும்போது ஒன்றும் ஆகாது. வேகத்தில் அந்த இடி விடாமல் விழுந்தால் தட்டு கீழே நகர்ந்து லாக் இளகிவிடும்.

"லாக்கு நல்லாத்தான் உக்காந்திருக்கு" என்றான் அண்ணன், எஞ்சினைப் பார்த்துக்கொண்டே.

"சாமானும் நல்ல சாமான்தான்" என்றேன் நானும், எஞ்சினைப் பார்த்துக்கொண்டே.

இதற்கு மருந்து எங்கள் தொழிலில் இருக்கிறது. வால்வின் முனையில் ஒரு சின்ன எஃகுத் தொப்பியைப் போட்டால் ராக்கர் அந்த அளவுக்கு உயர்ந்து தட்டை விட்டு விலகும். அண்ணன் அதை எடுத்துக் காட்டியதும் அக்காவுக்கு வந்ததே சிரிப்பு! "அலாமா! நீங்களும் பல்லுக்கு கேப் போடுவீங்களா?" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உடனே, "ஒரு பல்லை உயர்த்தினா மேல் வரிசை சும்மா இருக்காதே" என்று எஞ்சின் மூடியின் உள்பக்கம் முழுக்க மெழுகுத் தகடு ஒட்டிவிட்டார். அவர் சொன்னது சரிதான். மூடியைப் போட்டுச் சுற்றிக் கழற்றினால் மெழுகில் இரண்டு குழி. மூடிக்கு அடியில் தடித்த கேஸ்கெட் வைத்து உயர்த்தினோம், தள்ளுகம்பிக்கும் நீளம் கூட்டினோம். எட்டு வால்வையும் நிஜ ஸ்பிரிங்கோடு, ஒன்று விடாமல், தாள் வைத்துப் பார்த்தோம். ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க அவர் விடவில்லை.

கிளம்பும் முன் அண்ணனை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, கிண்ணத்தில் பசை மாதிரி எதையோ குழைத்தார்.

"வாயைத் தொறங்க. ராத்திரிக்குப் பல்லுக்கு ஒரு கவசம் செஞ்சு தரேன்."

"அக்கா, நான் விரதம்."

"சைவம்தான் லா. கடல்பாசி. அகார்-அகார் மாதிரின்னு வச்சுக்குங்க."

அண்ணன் முருகனை ஒருமுறை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். அடுத்து என்னைப் பார்த்தார். "எனக்கு எதுக்குக்கா?" என்றேன். "உங்களுக்கு மட்டும் என்ன, பாறாங்கல்லா?" என்று எனக்கும் அச்செடுத்தார்.

மறுபடி செப்பாங்கில் வண்டி ஓடியது. அண்ணன் ஓட்டினான், நான் சுவரோரம் நின்று ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கைகொடுக்க, வெயிலில் குடை பிடித்து நின்ற அக்கா மட்டும், "நல்லா ஓடுச்சுன்னு சொன்னா எப்படி? மூடியைக் கழட்டுங்க" என்றார். சூடு ஆறும்வரை காத்திருந்து கழற்றிக் காட்டினோம். ராக்கரின் வயிறு புதுசாகவே இருந்தது.

தைப்பூசம் வந்தது. பத்துமலையில் அண்ணன் பால்குடம் எடுத்தான், வருஷா வருஷம் போல நான் பின்னால் நடந்தேன். வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அதற்கு மறுவாரமும் பட்டறைக்கு வந்தான். அதற்கு அடுத்த வாரமும் வந்தான். போர்ட் கிள்ளானைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எனக்கோ கேட்கப் பயம். கேட்டு, 'ஆமா, மாசக் கடைசில போறேன்' என்று சொல்லிவிட்டால்?

அக்கா மாதம் ஒருமுறை பல் கவசங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். இரண்டு டப்பாவையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக்குப் போனேன். முதலில் அண்ணனுடையதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத போட்டுக்கிட்டுத்தானே தூங்குறார்?"

"தினமும் போடுறான்க்கா. அண்ணியே சொன்னாங்க."

"போன மாசம் பள்ளம் பள்ளமா இருந்துச்சு. தேய்ச்சுப் பாலிஷ் பண்ணிக் கொடுத்தேன். இப்ப பாருங்க, நீங்களே பாருங்க." வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு என்னுடையதை எடுத்தார். அதன் வலது பக்கம் கிட்டத்தட்ட ஓட்டை விழும் நிலையில் இருந்தது.

"என்ன சின்ன போமன் இது?"

"ஒண்ணுமில்லக்கா."

அவர் கவசத்தைக் கீழே வைத்துவிட்டார். அன்று முதல்முறையாக என் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு நெஞ்சைத் தடவிக்கிட்டே இதேதான் சொன்னார். ஒண்ணுமில்ல, வாயுன்னு. சரின்னு நானும் அடுப்படிக்குப் போயிட்டேன்." கொஞ்ச நேரம் மேசையில் கிடந்த மெழுகுத் துண்டை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். "போய் உங்க அண்ணன்கிட்ட கேளுங்க. நீங்களா நெனச்சுக்கிட்டு அரைக்காதீங்க."

அவரைப் பற்றி ஊரே பேசிய குணத்துக்கு இதுதான் காரணமா, அல்லது பிறந்ததிலிருந்தே அவர் அப்படித்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

ரயிலில் கிள்ளான் வந்து இறங்கும்வரை எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். பட்டறையில் அண்ணன் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

"அண்ணே, போர்ட் கிள்ளான் வேலை என்னாச்சு?"

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

"அது வேணாம்னு மச்சான்கிட்ட அப்பவே சொல்லிட்டேனே."

"எப்ப?"

"அந்த ஞாயித்துக்கெழமை. அக்கா கண்ணாடி வச்சுக் காட்டிட்டுப் போனாங்களே, அன்னிக்கு சாயங்காலம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேடா" என்றான் அண்ணன். ஸ்பானர் சத்தம் மறுபடி தொடங்கிற்று.

நான் அப்படியே ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன். பிறகு அக்காவுக்கு, 'கேட்டுட்டேன். போகல' என்று போனில் அடித்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'காட்டுங்க.'

அண்ணனை வேனுக்கு அடியிலிருந்து இழுத்து வந்து, தோளில் கை போட்டு, இரண்டு பேரும் பல் தெரியச் சிரித்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். கிரீஸ் பூசிய இரண்டு மூஞ்சி. அதைப் பார்த்து அவர் ஏதாவது நெகிழ்ச்சியாக எழுதுவார் என்று காத்திருந்தேன்.

'பெரிய போமனுக்குக் கீழ்வரிசை தெரியல. வெளிச்சத்துல நின்னு இன்னொண்ணு எடுங்க' என்று வந்தது. வெளியே வெயிலுக்கு வந்து நின்று இன்னொன்று எடுத்தோம்.